அடுப்புச் சாமி ஊரில் இல்லாத வாரம்

லுவாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் எங்கள் சந்தில் யாரும் இல்லை. நானும் இல்லை. சந்து முனையில் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி, அதற்கு முன்னால் நாற்காலி போட்டு முடிவெட்டுகிறவன் நான். பேர் துவான். கல்யாணம் கட்டவில்லை, சமைக்கத் தெரியாது, என் வீட்டில் அடுப்பே கிடையாது. மூன்று வேளையும் சந்தில்தான் சாப்பாடு. யார் வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நானாகக் கேட்க மாட்டேன். கழுத்தில் கத்தி இருக்கும்போது மனுஷர்கள் தாமாகவே உண்மையைக் கொட்டிவிடுகிறார்கள்.

லுவா ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். புருஷன் லோக், ஏசி மாட்டுகிற வேலை. வாயில்லாப் பூச்சி. இரண்டு பேருக்கும் சேர்த்து இவளே பேசிவிடுவாள். வாசலில் நாலு முக்காலி போட்டு நண்டுச் சாறு ஊற்றிய அரிசி நூடுல்ஸ் விற்கிறாள். வயல் நண்டை ஓட்டோடு இடித்து, பிழிந்து, தக்காளி போட்டுக் கொதிக்க வைத்தால் மேலே திட்டுத் திட்டாகத் திரண்டு வரும். அதற்காக ஹனோயின் இன்னொரு மூலையிலிருந்து ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். வந்தவர்களை உட்காரச் சொல்ல மாட்டாள். "நின்னுக்கிட்டே என்ன யோசனை? பசிக்குதா, வேடிக்கை பாக்க வந்தீங்களா?" என்பாள்.

எங்கள் சந்தில் விடிகாலையில் ஒரு யுத்தம் நடக்கும். அடுப்பு நகர்த்துகிற யுத்தம். எல்லோர் வீட்டிலும் தேனடைக் கரிதான் எரியும். கரித்தூளையும் மண்ணையும் சேர்த்து உருளையாக அச்சடித்து, மேலிருந்து கீழ்வரை துளை போட்டது. தகர வாளி அடுப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பற்ற வைத்துவிட்டால் பகல் முழுக்க நின்று எரியும். மலிவு. ஆனால் அது பற்றிக்கொள்கிற வரைக்கும் ஒரு புகை வரும் பாருங்கள், சனியன், மஞ்சளாக, அழுகின முட்டை நாற்றத்தோடு வரும். அதை யார் வீட்டுக்குள் விடுவார்கள்? வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைப்பார்கள். வாசலிலிருந்தும் உள்ளே வருகிறதே என்று, யாரும் பார்க்காதபோது காலால் ஒரு தள்ளு, பக்கத்து வீட்டுப் பக்கம். பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டுத் தன் அடுப்பை அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளுவாள். இப்படியே நகர்ந்து நகர்ந்து, கடைசியில் பாதி அடுப்பு என் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்கும். அடுப்பே இல்லாதவன் வாசலில்தான் ஊர் அடுப்பெல்லாம் எரியும். எங்கே போய் முட்டிக்கொள்வது?

லுவாவும் தள்ளினவள்தான். அவள் தள்ளினால் அடுப்பு இரண்டு வீடு தாண்டிப் போகும்.

இதெல்லாம் கோம் பிறக்கிறவரைக்கும் வேடிக்கையாக இருந்தது. லுவாவின் ஒரே மகள். கோம் என்றால் பச்சை நெல் அவல். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு தின்பண்டப் பெயரைச் செல்லமாக வைத்துவிடுவோம். அம்மாவைப் போலவே வாய். நாலு வயதில் என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "மாமா, உங்களுக்கே முடி இல்லையே, யாரு உங்களை நம்பி வர்றா?" என்று கேட்டவள். குளிர்காலம் வந்து, தூறல் பிடித்து, காற்று அசையாமல் நின்றுவிட்டால் அந்த வாய் மூடிவிடும். நெஞ்சுக்குள் விசில் அடிக்க ஆரம்பிக்கும். தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுப்பாள். லுவா தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள்.

ஆஸ்பத்திரிச் செலவு ஊருக்குத் தெரிகிற செலவு. எல்லோரும் உச் கொட்டுவார்கள். தெரியாத செலவுதான் அந்த வீட்டைத் தின்றது. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தால் சட்டி அடுப்பில் ஏறாது. காலையில் ஆபீஸ் போகிற வழியில் சாப்பிடுகிறவன் இரண்டு நாள் பார்ப்பான், மூன்றாம் நாள் வேறு சந்துக்குப் போவான், அங்கேயே பழகிவிடுவான். லோக் அடிக்கடி லீவு போட்டான். "முதல்ல பாப்பாவுக்கு நல்லாகட்டும் தம்பி, அப்புறம் கூப்பிடறேன்" என்றார் மேஸ்திரி, ரொம்ப மரியாதையாக. அப்புறம் கூப்பிடவே இல்லை. மாடி அறையில் குடியிருந்த காலேஜ் பெண்கள், துவைத்துப் போட்ட துணியெல்லாம் கரி நாற்றம் அடிக்கிறது என்று காலி செய்துகொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் கோமை நடனத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நெஞ்சு கரகரப்பதைக் கேட்டுப் பிள்ளைகள் 'பூனை' என்று பெயர் வைத்தன. ஏழாவது பிறந்தநாளுக்கு லுவா கேக் வாங்கி, பலூன் கட்டி, வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒட்டிக்கொள்கிற வியாதி என்று பயந்து ஒரு தாயும் பிள்ளையை அனுப்பவில்லை. அந்தக் கேக்கில் பாதியை நான்தான் தின்றேன்.

போதாக்குறைக்குப் பேச்சு வேறு. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது லுவா எதையோ தின்றுவிட்டாளாம். ஈரத் தலையோடு படுக்க வைக்கிறாளாம். புகையை யாரும் சொல்லவில்லை. எல்லோர் அடுப்பிலிருந்தும் வருவதை எப்படிச் சொல்வார்கள்?

போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா மட்டும் கேட்டாள்: "வீட்டுல எதுல சமைக்கிறீங்க?"

"கரியிலதான். ஏன்?" என்றாள் லுவா.

"முதல்ல அதைத் தூக்கிப் போடுங்க. மருந்து எழுதிட்டே இருக்கேன், நீங்க புகையை ஊதிட்டே இருக்கீங்க."

லுவா அன்றைக்கு எதிர்த்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கரி விற்கிற தியெனைக் கூப்பிட்டாள். தன் வாளி அடுப்பையும் மிச்சக் கரியையும் அவனுடைய மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, "இனிமே என் வாசல்ல நிக்காதே" என்று சொல்லிவிட்டாள். காஸ் வாங்கினாள். நூடுல்ஸ் விலையைக் கொஞ்சம் ஏற்றினாள். "கரியில வெந்த ருசி இதுல இல்லையே" என்று ஒருவன் இழுத்தான். "ருசி வேணும்னா கரியை நக்கு" என்றாள்.

அதற்குப் பிறகும் பிள்ளை இளைத்தது. இளைக்காமல் என்ன செய்யும்? கோம் படுக்கிற சுவருக்கு அந்தப் பக்கம் ஹாவ் அக்காவின் அடுப்பு. எதிர் வீட்டில் டோஃபு பொரிக்கிற சென்னின் அடுப்பு. லுவா தன் வீட்டுப் புகையைத்தான் நிறுத்த முடிந்தது.

எங்கள் வருஷப் பிறப்பான தெத் வருவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது லோக்கின் அக்கா முய் வந்தாள். வருஷா வருஷம் அதற்கு முன்னால் ஒரு கோழியும் ஒட்டரிசியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவது அவள் வழக்கம். கடலோரக் கிராமம், விதவை, பிள்ளை இல்லை, தங்கமான மனுஷி. அன்றிரவு கோமின் பக்கத்தில் படுத்தவள் ஒரு பொட்டுத் தூங்கவில்லை. காலையில் வாசலில் வைத்தே பேசினாள். நான் அப்போது நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"லுவா, சொல்றேன்னு கோவிச்சுக்காதே. பிள்ளையை என்கூட அனுப்பிடு. தெத் முடிஞ்சு நாலாம் நாள் வந்து கூட்டிட்டுப் போறேன். அங்கயே படிச்சு முடிக்கட்டும், பள்ளிக்கூடத்துல பேசிட்டேன்."

"அங்கயும்தான் அறுப்பு முடிஞ்சா வைக்கோலை எரிக்கிறாங்க, அக்கா."

"வருஷத்துல கொஞ்ச நாள் எரிக்கிறாங்க. இங்க என்னைக்கு எரிக்காம இருக்காங்க, சொல்லு."

"அவ என்னை விட்டு இருந்ததே இல்லை."

"மூச்சை விட்டுட்டு இருக்கறதுக்கு, உன்னை விட்டுட்டு இருக்கட்டும்."

லோக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் முடிகிறவரைக்கும் என்றால் அது எத்தனை வருஷம்? பெரிய பெண்ணாகித் திரும்பி வருவாள், அம்மாவை அத்தை மாதிரி பார்ப்பாள். "சரிக்கா" என்றாள் லுவா. "நாலாம் நாள் வாங்க. அதுக்குள்ள அவளுக்கு இங்கயே மூச்சு வந்துட்டா?"

"வந்துட்டா நான் ஏன் கேக்கப் போறேன்?"

அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து என் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "முடி வெட்ட வரலண்ணே. கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்றாள். நான் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டு நின்றேன். எழுந்து போகும்போது சொன்னாள்: "தெத்துக்குள்ள இந்தச் சந்துல ஒரு கரி அடுப்பு இருக்கக் கூடாது."

நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய? வார்டு ஒலிபெருக்கி மூன்று வருஷமாக விடியற்காலையில் கரி அடுப்பை விடுங்கள், விடுங்கள் என்று அலறிக்கொண்டிருந்தது. அது அலற ஆரம்பித்ததும் எல்லோரும் ஜன்னலை மூடிவிடுவார்கள். வார்டிலிருந்து சும்மா கொடுத்த புது அடுப்பில் சென் வெங்காயத்தாள் வளர்த்தாள்.

லுவா வீடு வீடாக ஏறினாள். கெஞ்சினாள், லுவா கெஞ்சி நான் பார்த்தது அப்போதுதான். காஸ் வெடிக்கும் என்றார்கள். கரண்டு அடுப்பில் ஷாக் அடிக்கும் என்றார்கள். கரி மலிவு என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை. அதைச் சொன்னது ஹாவ் அக்கா.

ஹாவ் அக்கா ஒட்டரிசிச் சோறு அவித்து விற்கிறவள். கோயிலுக்கு அதிகம் போகிறவள், பூஜைத் தட்டு எப்படி வைப்பது, எந்த நாளில் எதைச் செய்யக் கூடாது என்று சந்தே அவளைத்தான் கேட்கும். "வருஷக் கடைசியில அடுப்பை மாத்தினா அடுப்புச் சாமிக்குக் கோவம் வரும்டி. மறந்துட்டியா, சென் அடுப்பை இடம் மாத்தின மாசம்தான் அவ புருஷன் வண்டியிலருந்து விழுந்தான். தெத் போகட்டும், முதல் மாசம் போகட்டும். நல்ல நாள் பாத்து மாத்திக்கலாம்."

அவ்வளவுதான். சந்து முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. மாற்ற மாட்டோம் என்று யாராவது சொன்னார்களா? நல்ல நாள் பார்த்து மாற்றுகிறோம் என்றுதானே சொல்கிறார்கள்! அந்த நல்ல நாள் வரும்போது கோம் கடலோரத்தில் இருப்பாள்.

வருஷத்தின் கடைசி மாதம் இருபத்துமூன்றாம் தேதி வந்தது. அடுப்புச் சாமி மேலோகம் போகிற நாள். வருஷம் முழுக்க நம் அடுப்படியில் உட்கார்ந்து நாம் செய்ததையெல்லாம் பார்த்தவர், கெண்டை மீன் மேல் ஏறிப் போய் மேலோகத்து ராஜாவிடம் ஒன்று விடாமல் ஒப்பிப்பார். அதனால் அன்றைக்கு எல்லோரும் ரொம்ப நல்லவர்களாக இருப்போம். உச்சி வேளைக்குள் பூஜை முடிய வேண்டும். வாசலுக்கு வாசல் பேசினில் கெண்டை மீன் துள்ளியது. சாமிக்குப் படைத்த காகிதத் தொப்பியும் காகிதச் செருப்பும் எரிந்தன. புகை சந்தை அடைத்துக்கொண்டது. கோம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள், இரண்டு இருமல் இருமினாள், அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

லுவா அவளைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்து சந்தின் நடுவில் நின்றாள்.

"ஹாவ் அக்கா! சாமி இப்பக் கிளம்பிட்டாரா?"

"கிளம்பிட்டாரு. ஏன்டி கத்தறே?"

"எப்பத் திரும்பி வருவாரு?"

"தெரியாத மாதிரி கேக்கறா பாரு. முப்பதாம் நாள் ராத்திரி."

"அப்ப இந்த ஒரு வாரம் அடுப்புல யாரு இருக்கா?"

ஹாவ் அக்கா திரும்பித் தன் அடுப்பைப் பார்த்தாள்.

"யாரும் இல்லை!" என்றாள் லுவா. "பூஜை மேடையைத் துடைக்கறது இந்த வாரத்துலதானே? மத்த நாள்ல ஊதுவத்திக் கிண்ணத்தைத் தொட விடுவீங்களா? சாமி ஊர்ல இல்லைன்னுதானே தொடறோம்? மேடையைத் துடைச்சா வராத கோவம் அடுப்பை மாத்தினா மட்டும் எப்படி வரும்? குடியிருக்கறவங்க வெளியூர் போனப்பதான் வீட்டுக்கு வெள்ளை அடிப்போம். அவங்க தலையில சுண்ணாம்பைக் கொட்டிக்கிட்டா அடிப்போம்?"

எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது, நுரை தடவின ஆள் ஒருவர் நாற்காலியில் இருந்தார்.

"மலிவு மலிவுன்னு சொல்றீங்களே," என்று அவள் விடவில்லை. "யாருக்கு மலிவு? நீங்க மிச்சம் பிடிச்சதெல்லாம் எங்க போச்சுன்னு நான் சொல்லவா? என் சட்டி கவுந்து கிடந்துச்சே, அதுல போச்சு. என் புருஷன் வேலை அதுல போச்சு. மாடி வாடகை போச்சு. சென், உன் சட்டையை நீ ரெண்டு தடவை துவைக்கறியே, அந்தச் சோப்பு யாரு குடுத்தா? துவான் அண்ணன் துண்டைப் பாருங்க, வெள்ளைத் துண்டு வாங்கினாரு, எலி நிறத்துல இருக்கு. என் பிள்ளைக்கு ஒரு சிநேகிதி இல்லை. இப்பப் பிள்ளையே போகப் போறா. இதையும் உங்க கரி விலையில சேத்துக்குங்க!"

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவள் லுவா இல்லையே. "உங்க சாமிக்கே மூச்சு வாங்கும். வருஷம் பூரா இந்தப் புகையில உக்காந்துட்டு மேல போயி, ராஜா முன்னால இருமிக்கிட்டு நிப்பாரு. ஒரு வார்த்தை வெளிய வராது!" என்றாள்.

இளசுகள் சிரித்துவிட்டன. ஹாவ் அக்கா முகம் சிவந்து போயிற்று. பூஜைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சாமி கிளம்புகிற நேரத்தில் சாமியைக் கிண்டல் பண்ணலாமா என்று ஆளாளுக்கு லுவாவைத் திட்டினார்கள். சொன்னதில் பாதி நியாயம் என்று நினைத்தவர்களும் ஹாவ் அக்காவுக்குப் பயந்து வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

"என் வாயாலயே கெடுத்துக்கிட்டேன் அண்ணே" என்றாள் லுவா. நான் என்னத்தைச் சொல்ல? ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை ஹாவ் அக்கா பூஜை மேடையைத் துடைத்தாள். இஞ்சி போட்ட சாராயத்தில் புது வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் துணியைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"யார் வீட்டுக் கரிடி இது? எவ அடுப்புடி என் வீட்டுக்குள்ள வந்துச்சு?"

துணி அட்டைக் கறுப்பு. இன்னொரு கையில் செத்துப்போன புருஷன் படம். கண்ணாடியைத் துடைத்த இடம் மட்டும் வெளுத்து, அதில் அந்த மனுஷனுடைய ஒரு கண் தெரிந்தது.

"ஊதுவத்திப் புகைன்னு நினைச்சேன். எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி வழிச்சு வருது! வருஷா வருஷம் துடைக்கறேன், இப்படி வந்ததில்லையே! மனுஷன் மூஞ்சியையே காணோமே!"

எல்லோரும் அவள் காலுக்குப் பக்கத்தில் பார்த்தார்கள். அவளும் குனிந்து பார்த்தாள். அவளுடைய வாளி அடுப்பு மஞ்சளாகப் புகைந்துகொண்டு அவள் வாசலிலேயே நின்றது. முந்தின நாள் சண்டைக்குப் பிறகு, அதை லுவா வீட்டுப் பக்கம் தள்ள அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. அந்த வருஷத்தில் முதல் தடவையாக அவள் புகை முழுக்க அவள் வீட்டுக்குள்ளேயே போயிருந்தது.

லுவா வெளியே வந்தாள். இப்போது ஏதாவது சொல்லப் போகிறாள், தீர்ந்தது என்று நினைத்தேன். அவளோ ஹாவ் அக்கா கையிலிருந்து துணியை வாங்கிக் குழாயடியில் அலசினாள். தண்ணீர் கறுப்பாக ஓடியது. அலசிக்கொண்டேயிருந்தாள்.

ஹாவ் அக்கா அவள் பக்கத்தில் குந்தினாள். "சத்தம் கேக்கும்டி" என்றாள் மெதுவாக. "சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். உன் பிள்ளை இழுக்கறது. நான் ரேடியோவைச் சத்தமா வெச்சுக்குவேன்."

"தெரியும்க்கா. ரேடியோ எனக்குக் கேக்கும்."

"படுத்தா மூச்சு முட்டுதுன்னு நானும் உக்காந்துக்கிட்டேதான் தூங்கறேன். வயசாச்சுன்னு ஊர்ல சொல்லி வெச்சிருக்கேன். அம்பத்தி மூணு ஒரு வயசாடி?"

அதற்கப்புறம் ஹாவ் அக்கா எழுந்து நின்று போட்ட சத்தத்தில் வார்டு ஒலிபெருக்கி தோற்றது. "எல்லாரும் கேட்டுக்குங்க! சாமி ஊர்ல இல்லை. நான் சொல்றேன், இந்த வாரத்துல அடுப்பை மாத்தலாம், குத்தமில்லை. முப்பதாம் நாள் அவரு வரும்போது புது அடுப்பு இருக்கணும். எவ வீட்டுலயாவது கரி அடுப்பு இருந்துச்சோ, அவ வீட்டுக்கு இனிமே நான் பூஜைத் தட்டு வைக்க வரமாட்டேன்!"

மூன்று வருஷம் ஒலிபெருக்கி செய்யாததை இந்த ஒரு பயமுறுத்தல் செய்தது. தெத் நேரத்தில் ஹாவ் அக்கா வராமல் எந்த வீட்டில் பூஜை நடக்கும்? அன்று சாயங்காலத்துக்குள் பாதி வீட்டில் காஸ் வந்துவிட்டது. முடியாதவர்களுக்கு லுவா தன் சீட்டுப் பணத்தை எடுத்து மொத்தமாக அடுப்பு வாங்கினாள். அது கோமின் மருந்துக்கென்று வைத்திருந்தது. "மருந்துக்குத்தான் செலவழிக்கிறேன்" என்றாள்.

தியென் வந்து குதித்தான். "என் வயித்துல அடிக்கறீங்களே! நான் எங்க போவேன்?"

"எங்கயும் போகாதே" என்றாள் லுவா. "உன் வண்டியில காஸ் சிலிண்டர் ஏறாதா? கடைக்காரர்கிட்டப் பேசிட்டேன், இந்தச் சந்தும் பக்கத்துச் சந்தும் உனக்கு. நீ போன வாரம் கரி இறக்கும்போது மூணு வாட்டி உக்காந்து உக்காந்து எழுந்தே. நான் பாக்கலைன்னு நினைச்சியா?"

"அதுல வர்றது கம்மியாத்தான் இருக்கும்."

"கம்மிதான். இல்லைன்னு சொல்லலை. காலையில என்கிட்ட வந்து சாப்பிட்டுப் போ."

முணுமுணுத்துக்கொண்டே தியென் வண்டியைத் திருப்பினான். வாளி அடுப்புகளை அவனே ஏற்றினான். பிள்ளைகள் கரண்டியால் அவற்றைத் தட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடின. சென் மட்டும் ஒரு அடுப்பை மாடிப்படிக்குக் கீழே சாக்குப் போட்டு ஒளித்து வைத்திருந்தாள். ஹாவ் அக்கா போய்க் காதைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள், அடுப்போடு சேர்த்து.

தெத்துக்கு இலையில் கட்டுகிற சதுரச் சாதத்தை ராத்திரி முழுக்க விறகில் அவிக்க வேண்டும். அதைக் காஸில் அவித்தால் சாப்பிட மாட்டேன் என்று நானே சண்டை போட்டேன். சந்தில் அவிக்கக் கூடாது என்றாள் லுவா. கடைசியில் தியெனின் வண்டியில் அண்டாவை ஏற்றி ஆற்றங்கரை வெட்டவெளிக்குக் கொண்டுபோய் அவித்தோம். முப்பதாம் நாள் ஹாவ் அக்கா சாமியை வரவேற்று, "சாமி, வழி தப்பி வந்துட்டோமோன்னு திரும்பிப் போயிடாதீங்க, இது அதே சந்துதான்" என்று உரக்கச் சொன்னாள். லுவாவைத் தவிர எல்லோரும் சிரித்தோம்.

அவளுக்கு நாலாம் நாள் பயம். ஹனோயின் வானம் ஒன்றும் நீலமாகிவிடவில்லை. பெரிய ரோட்டில் வண்டிப் புகை இருந்தபடியே இருந்தது. கோம் இன்னும் எப்போதாவது இருமினாள். நல்லாகிறாளா இல்லையா என்று லுவாவால் சொல்ல முடியவில்லை, யாரையும் கேட்கவும் துணியவில்லை. கொடுத்த வார்த்தைக்காக அவள் கையாலேயே பிள்ளையின் துணிகளை மடித்து ஒரு பையில் அடுக்கி வாசலில் வைத்தாள்.

முய் அக்கா நாலாம் நாள் காலையில் வந்தாள். சந்தில் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். சாப்பிட்டாள். கோம் அவளிடம் எதற்கோ வாயாடிக்கொண்டே இருந்தாள். "சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பலாம். கொஞ்சம் கண்ணசந்துட்டு வர்றோம்" என்று பிள்ளையை அணைத்துக்கொண்டு போய்ப் படுத்தாள். லுவா வாசலில் உட்கார்ந்து, சுத்தமாக இருந்த கிண்ணங்களையே மறுபடியும் தேய்த்தாள். லோக் அந்தப் பையைப் பார்க்காமல் இருப்பதற்காக என்னிடம் வந்து தேவையில்லாமல் முகம் மழித்துக்கொண்டான்.

திடீரென்று உள்ளேயிருந்து முய் அக்கா அலறினாள்.

"லுவா! ஓடி வா! பிள்ளைக்கு மூச்சு வரலை!"

லுவா கிண்ணங்களைத் தட்டிவிட்டு ஓடினாள். லோக் முகத்தில் பாதி நுரையோடு ஓடினான். நான் கத்தியோடு ஓடினேன். ஹாவ் அக்கா, சென், தியென், எல்லோரும் அந்தச் சின்ன அறையில் நெருக்கியடித்து நுழைந்தோம். முய் அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "சத்தமே இல்லை. முழிச்சுப் பாக்கறேன், சத்தமே இல்லை" என்றாள்.

லுவா குனிந்து பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். வைத்த காதை எடுக்கவில்லை. நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை.

கோம் கண்ணைத் திறந்தாள். வாய் மூடி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, ஊரில் எல்லாப் பிள்ளைகளும் தூங்குகிற தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தவள், எங்களைப் பார்த்து எரிச்சலோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"எல்லாரும் ஏன் இங்க நிக்கறீங்க? தூங்க விட மாட்டீங்களா?"

முய் அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். "இங்க வரும்போதெல்லாம் அந்தக் கரகரப்பு காதுல கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு, லுவா. அது இல்லைன்னதும் பயந்துட்டேன். நான் ஒரு கிறுக்கி." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாயங்காலப் பஸ்ஸுக்கு நான் மட்டும் போறேன். கோடை லீவுக்கு அனுப்பு. அதுவும் அவளா வர்றேன்னு சொன்னா" என்றாள்.

லுவா நிமிர்ந்தாள். எங்களை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள், அந்தப் பையைத் தூக்கினாள், சந்தின் நடுவில் எல்லோருக்கும் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்தாள்.